குழந்தைகள் அறை டிவிக்கு எந்த ஸ்ட்ரீமிங் சாதனம் வாங்கலாம்?

கம்ப்யூட்டரும் இண்டர்நெட் இணைப்பும் வந்து விட்ட வீடுகளில் அடுத்ததாக எழும் கேள்வி இது. ஹாலுக்குப் புதிய டிவி வாங்கியாகி விட்டது. பழைய டிவியைக் குழந்தைகள் விளையாடும் அறையில் வைத்து, இண்டர்நெட் வழியாகக் கார்ட்டூன்களும் கதைகளும் காட்ட என்ன வாங்க வேண்டும்? விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

மதுரையில் இருக்கும் என் அக்காவும் இதைத் தான் கேட்டார். ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அறையில் 32 அங்குல எல்.இ.டி. டிவி, ஸ்மார்ட் டிவி அல்ல. "இரண்டாயிரத்துக்குள்ளே முடிச்சுக் கொடுடா" என்றார். நானும் இணையக் கடை ஒன்றில் தேடி, 1,800 ரூபாய்க்கு ஓர் ஆண்ட்ராய்ட் பெட்டியை ஆர்டர் செய்து அனுப்பி வைத்தேன். சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானே இதில் ஏமாந்தேன் என்பதால் தான் இந்தக் கட்டுரை.

ஸ்ட்ரீமிங் என்றால் என்ன?

ஒரு வீடியோ பைலை முழுவதுமாக டவுண்லோட் செய்து, பிறகு இயக்கிப் பார்ப்பது பழைய முறை. ஸ்ட்ரீமிங் முறையில் பைல் சிறு சிறு துண்டுகளாக வந்து கொண்டே இருக்கும். ஒரு துண்டு திரையில் ஓடும்போதே அடுத்த துண்டு வந்து சேர்ந்து விடும். இந்தத் துண்டுகளை வாங்கி, விரித்து, டிவிக்குப் படமாகவும் ஒலியாகவும் அனுப்புவது தான் ஸ்ட்ரீமிங் சாதனத்தின் வேலை. இதுவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் தான். பிராசசர், மெமரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் இதற்குள்ளும் உண்டு. கம்ப்யூட்டருக்கு வரும் ஆபத்துகளும் இதற்கு உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதலில் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்னாலும் பக்கவாட்டிலும் உள்ள துளைகளைக் கவனிக்கவும். தட்டையான எச்.டி.எம்.ஐ. போர்ட் இருந்தால் எந்த ஸ்ட்ரீமிங் சாதனத்தையும் இணைக்கலாம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருந்தால் அது பழைய ஏ.வி. இணைப்பு. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல கலர் டிவிகள் இந்த வகை. இவற்றுக்கு மாற்றுக் கன்வெர்ட்டர் கிடைக்கிறது என்றாலும், மெனுவில் உள்ள எழுத்துகளைப் படிப்பதே சிரமம். காப்பிப் பாதுகாப்பு காரணமாகச் சில கட்டணச் சேவைகள் ஓடாமலும் போகும். இதற்குச் செலவு செய்வது வீண்.

மூன்று வழிகள்

முதல் வழி, பென் டிரைவ். டிவியில் யு.எஸ்.பி. போர்ட் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமலே கம்ப்யூட்டரில் உள்ள வீடியோக்களைப் பார்க்கலாம். பழைய டிவிகள் பலவும் பேட் 32 முறையில் பார்மட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும். இந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலைப் பதிய முடியாது. எம்.பி.4 பைலாக, எச்.264 வகையில் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. புதிய எச்.265 வகை என்றால் பழைய டிவியில் ஒலி மட்டும் கேட்கும். அல்லது பைலே திறக்காது.

இரண்டாவது வழி, ஸ்ட்ரீமிங் ஸ்டிக். எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் செருகி, வை-பியில் இணைத்தால் சாதாரண டிவி ஸ்மார்ட் டிவி ஆகி விடும். அமேசானின் பயர் டிவி ஸ்டிக், கூகுளின் ஆண்ட்ராய்ட் டிவி அல்லது கூகுள் டிவி சிஸ்டத்தில் இயங்கும் அறிமுகமான நிறுவனங்களின் ஸ்டிக்குகள் இந்த வகை.

மூன்றாவது வழி, வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வராக ஆக்குவது. கம்ப்யூட்டரில் வீடியோக்கள் உள்ள போல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேப் சென்று பகிர்ந்திட வேண்டும். ஸ்டிக்கில் இலவச வி.எல்.சி. புரோகிராமை நிறுவினால் அந்தப் போல்டரை டிவியிலேயே திறக்கலாம். கம்ப்யூட்டர் இயங்கிக் கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே ரூட்டரில் இருக்க வேண்டும். படம் வீட்டுக்குள்ளேயே பயணம் செய்வதால் இண்டர்நெட் டேட்டா செலவாகாது. பிறந்த நாள் வீடியோக்களுக்கும் பள்ளி ஆண்டு விழா வீடியோக்களுக்கும் இது மிகவும் பொருத்தம்.

மலிவுப் பெட்டியின் மறுபக்கம்

அக்காவுக்கு நான் அனுப்பிய பெட்டி முதல் நாள் நன்றாகவே ஓடியது. எல்லாச் சேனலும் எல்லாப் படங்களும் இலவசம் என்று புரோகிராம்கள் ஏற்கனவே பதியப்பட்டிருந்தன. பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தார். "ராத்திரியிலே நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு. கம்ப்யூட்டர்லே எந்த சைட்டுக்குப் போனாலும் நான் ரோபோ இல்லைன்னு டிக் பண்ணச் சொல்லுதுடா."

அடுத்த வாரம் ஊருக்குப் போன போது ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டிவி அணைந்திருந்த நேரத்திலும் அந்தப் பெட்டி இடைவிடாமல் டேட்டாவை வெளியே அனுப்பிக் கொண்டிருந்தது. யாரும் எதுவும் பார்க்காத போது பெட்டி யாருக்கு என்ன அனுப்புகிறது? மின் இணைப்பைப் பிடுங்கினேன். டேட்டா போக்குவரத்து நின்றது. சில நாட்களில் ரோபோ கேள்வியும் நின்றது. அக்கா வங்கிக் கணக்கைப் பார்ப்பது இதே வை-பியில் உள்ள கம்ப்யூட்டரில் தான். பாஸ்வேர்ட்களை உடனே மாற்றச் சொன்னேன்.

இது என் அக்கா வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2023 அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெடுதல் புரோகிராம் பதிந்து வரும் மலிவு ஆண்ட்ராய்ட் பெட்டிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, அந்தக் கும்பலுக்கு பேட்பாக்ஸ் எனப் பெயரிட்டது. 2024 டிசம்பரில் ஜெர்மனி அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, அந்நாட்டில் சுமார் 30,000 சாதனங்களின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரிக்கை வெளியிட்டது. 2025 ஜூலையில் கூகுள் நிறுவனம் வழக்குத் தொடர்ந்த போது, பாதிக்கப்பட்ட சாதனங்கள் ஒரு கோடிக்கும் மேல் எனக் கூறியது.

இந்தப் பெட்டிகள் என்ன செய்கின்றன? உங்கள் இண்டர்நெட் முகவரியை முகமூடியாக வாடகைக்கு விடுகின்றன. எங்கோ இருப்பவர் செய்யும் மோசடி, உங்கள் வீட்டிலிருந்து செய்தது போலப் பதிவாகும். இதனால் தான் இணைய தளங்கள் சந்தேகப்பட்டு, நீங்கள் மனிதரா எனக் கேட்கின்றன. ரீசெட் செய்தால் சரியாகி விடுமா? ஆகாது. கெடுதல் புரோகிராம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளேயே இருப்பதால், ரீசெட் செய்த பின்னும் அது அப்படியே இருக்கும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. கட்டணச் சேவைகள் அனைத்தும் இலவசம் என்று விளம்பரம் இருந்தால் வாங்காதீர்கள். ப்ளே ப்ரொடெக்ட் பாதுகாப்பை நீக்கச் சொன்னாலும் அப்படித் தான்.

2. ஆண்ட்ராய்ட் என்று போட்டிருப்பதும் ஆண்ட்ராய்ட் டிவி என்பதும் ஒன்று அல்ல. கூகுளின் சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஆண்ட்ராய்ட் டிவி இணைய தளத்தில் உள்ளது. சரி பார்த்துக் கொள்ளவும். சான்று இல்லாத பெட்டிகளில் நெட்பிளிக்ஸ் போன்ற சேவைகள் கிடைத்தாலும் படம் தெளிவு குறைந்தே வரும்.

3. 32 அங்குல எச்.டி. ரெடி டிவிக்கு 4கே ஸ்டிக் தேவையில்லை. டிவியால் காட்ட முடியாத தெளிவுக்கு ஏன் பணம் தர வேண்டும்?

4. நிறுவனம் எத்தனை ஆண்டுகள் அப்டேட் தரும் எனப் பாருங்கள். 2025 மார்ச்சில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் சாதனங்கள், உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் ஒரே நாளில் செயலிழந்தன. கூகுள் அப்டேட் அனுப்பிய பிறகே உயிர் பெற்றன. அப்டேட் அனுப்ப ஆள் இல்லாத நிறுவனம் என்றால் பொருள் குப்பைக்குத் தான்.

பொருத்தும் போது

ஸ்டிக்குக்கு டிவியின் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்து மின்சாரம் தர வேண்டாம். பழைய போர்ட்கள் அரை ஆம்பியர் வரை மட்டுமே தரும். பல ஸ்டிக்குகளுக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் இது தான் காரணமாக இருக்கும். உடன் வரும் அடாப்டரையே பயன்படுத்தவும்.

டிவியின் பின்னால் சிக்னல் குறையும். பெட்டியில் உள்ள சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி ஸ்டிக்கைச் சற்று வெளியே நீட்டி வைத்தால் சரியாகும். 1080 தெளிவுக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும் என்கிறது நெட்பிளிக்ஸ். இந்த வேகத்தில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2.25 ஜிபி செலவாகும். உங்கள் இணைப்பில் மாத வரம்பு இருந்தால் கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்காக

கூகுள் டிவியில் குழந்தைகளுக்கெனத் தனி ப்ரொபைல் அமைத்து, பார்க்கும் நேரத்திற்கு வரம்பும், தூங்கும் நேரமும் வைக்கலாம். பயர் டிவியில் பின் நம்பர் பூட்டு உண்டு. அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோப்ளே வசதியை நிறுத்தி விடுங்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2019ல் கூறியுள்ளது.

ரிமோட்டின் பேட்டரி மூடியையும் பாருங்கள். பட்டன் பேட்டரி போட்ட ரிமோட் குழந்தைகள் அறைக்கு வேண்டவே வேண்டாம். அதை விழுங்கினால் உணவுக் குழாய் சில மணி நேரத்திலேயே புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகும்.

கடைசியில் என்ன செய்தோம்?

மலிவுப் பெட்டியை நான் எடுத்து வந்து விட்டேன். யாருக்கும் கொடுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கொடுத்தால் தொல்லை அவர்கள் வீட்டுக்குப் போகும். முதல் மாதம் வீட்டில் இருந்த பென் டிரைவில் கதைகளைப் போட்டுக் கொடுத்தேன். செலவு ஒன்றுமில்லை. அதன் பிறகு தள்ளுபடி நாளில் அறிமுகமான நிறுவனத்தின் சாதாரண எச்.டி. ஸ்டிக் ஒன்றை வாங்கினோம். அக்கா சொன்ன இரண்டாயிரத்தைத் தாண்டித் தான் ஆயிற்று. 1,800 ரூபாயை முதலில் வீணாக்காமல் இருந்திருந்தால் கணக்குச் சரியாக இருந்திருக்கும். "இஞ்சினியர் தம்பி இருந்தும் எனக்கு இந்த நிலைமை" என்று அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

நீங்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் பென் டிரைவில் தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்து கொண்டு, பிறகு ஸ்டிக் வாங்குவது பற்றி முடிவு செய்யுங்கள்.