புள்ளிக்கு நேரே புள்ளி

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைச்சாலையில், ஜவ்வாது மலைக் காட்டுக்குள் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள காவலூர் வானாய்வகம், அங்குள்ள பெரிய தொலைநோக்கிகளுக்காகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. 1972இல் நிறுவப்பட்ட 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு வானியலாளர் வைனு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அந்தப் புகழுக்குத் தகுதியானவையே. ஆனால் இரவெல்லாம் ஆடியில் சேர்ந்த ஒளி, அளவுகளாக மாறி, கணக்கிடப்பட்டு, பிற நாட்டு ஆய்வாளரின் கையை எட்டும்போது பெரும்பாலும் எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையாகவே எட்டுகிறது. அந்த அட்டவணையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எப்படி நிறுத்தப்படுகின்றன என்பது அழகு சார்ந்த செய்தி என்று கருதப்படுவதுண்டு. உண்மையில் அது எண்ணின் பொருளைச் சார்ந்த செய்தி.

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது நடந்தது இதற்கு நல்ல சான்று. கோள் மறைப்பதற்கு முன்பும் பின்பும் விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதைக் காவலூரின் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி உட்படப் பல இடங்களிலிருந்த கருவிகள் பதிவு செய்தன. கோளுக்கு ஒருபுறம் நிகழ்ந்த மங்கல்களின் நேரங்களையும் மறுபுறம் நிகழ்ந்தவற்றின் நேரங்களையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டபோதுதான், அவை கோளிலிருந்து இருபுறமும் ஒத்த தொலைவுகளில் அமைந்திருப்பதும், அதனால் அங்கே இருப்பவை வளையங்கள் என்பதும் புலப்பட்டன. மணி, நிமிடம், நொடி, நொடியின் பின்னம் ஆகியவற்றை வரிசை பிறழாமல் எழுதி ஒப்பிடும் பழக்கம் இல்லாமல் இத்தகைய கண்டுபிடிப்புகள் கைகூடா.

அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையை நிரல் என்றும், இடமிருந்து வலமாகச் செல்வதை நிரை என்றும் பள்ளிக் கணக்கில் கற்பிக்கிறார்கள். சொற்கள் நிரைவழியே படிக்கப்படுகின்றன. எண்களோ நிரல்வழியே ஒப்பிடப்படுகின்றன. திருப்பத்தூர் மாவட்டத்தின் மழை அளவுப் பட்டியலில் நான்கு ஊர்களுக்கு 34.2, 7.5, 112.0, 0.8 மில்லிமீட்டர் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், அவற்றை நிரலின் நடுவில் நிறுத்தும்போது 34இன் மூன்றும் 112இன் நடு ஒன்றும் பத்தாம் இடத்து இலக்கங்கள் என்பதைக் கண் தானாக உணர்வதில்லை. ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே படித்துத்தான் பெரியது எது என்று அறிய வேண்டியிருக்கும். அவற்றையே தசமப் புள்ளிக்கு நேரே தசமப் புள்ளி வரும்படி நிறுத்தினால், ஒன்றுக்குக் கீழே ஒன்றும் பத்துக்குக் கீழே பத்தும் வந்து சேர, இடப்பக்கம் நீண்டு நிற்பதே பெரிய எண் என்பது படிக்காமலேயே தெரிந்துவிடும். எண்ணின் நீளமே அதன் அளவைச் சொல்லும் இந்த வசதி, புள்ளிக்கு வலப்புறம் இன்னொரு செய்தியையும் தருகிறது: 112 என்பதும் 112.0 என்பதும் கணக்கில் சமம் என்றாலும், முன்னது முழு மில்லிமீட்டர் வரை மட்டும் அளந்ததையும், பின்னது பத்தில் ஒரு பங்கு வரை அளந்ததையும் குறிப்பதால், நிரலை ஒழுங்குபடுத்தும் ஆசையில் அளக்காத இடத்தில் சுழியைச் சேர்ப்பது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும் செயலாகிவிடும்.

நீளம் அளவைச் சொல்லும் என்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும், அது இடமதிப்பு முறையின் கொடை. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்ததால், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை எழுத ௯௱௯௰௯ என்று ஐந்து குறிகள் தேவைப்பட்டன. ஆயிரத்து ஐந்தை எழுத ௲௫ என்று இரண்டு குறிகளே போதுமாயிருந்தன. பெரிய எண் குறுகியும் சிறிய எண் நீண்டும் நிற்கும் இம்முறையில் எண்களை எந்தப் பக்கம் ஒட்டி நிறுத்தினாலும் ஒப்பீடு கண்ணுக்கு எட்டாது. அரை, கால், மாகாணி, முந்திரி முதலிய பின்னங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தமையால் தசமப் புள்ளிக்கும் அங்கே வேலை இல்லை. இதைக் குறையாகக் கொள்வது நியாயமன்று. எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய சமூகத்தில் அட்டவணை நினைவில் இருந்ததே தவிர, ஏட்டில் நிரலாக நிற்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. சந்திரனின் அன்றாட இருப்பிடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருந்த பஞ்சாங்கக் கணிதர்கள், எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்து அமைத்த சொற்றொடர்களையே அட்டவணையாகக் கொண்டிருந்தார்கள். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், சோழிகளைத் தரையில் பரப்பி, எதையும் எழுதிக்கொள்ளாமல் கிரகணத்தைக் கணக்கிட்ட தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றி 1825இல் சென்னையில் வெளியான தம் காலசங்கலிதம் என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அதே வானாய்வகத்தில், இருபது ஆண்டுகள் கூடக் கழியாமல், அட்டவணை முற்றிலும் வேறு வடிவம் எடுத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட அவ்வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர், பல ஆண்டு உற்றுநோக்கல்களைத் திரட்டி 11,015 விண்மீன்களின் பட்டியலை 1844இல் வெளியிட்டார். ஒரு விண்மீனின் வானத்து இடத்தைக் குறிக்க மட்டும் ஏறத்தாழப் பதினைந்து இலக்கங்கள் தேவை என்று கொண்டால், அந்த ஒரு நூலுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கையால் கோக்கப்பட்டிருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழை சொல்லில் நேர்ந்தால் வாசகர் தாமே திருத்திப் படித்துவிடுவார். ஓர் இலக்கம் மாறினால் அதைக் காட்டிக்கொடுக்க அருகில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரம் விடையைக் கணிப்பதோடு நில்லாமல் அச்சுத் தகட்டையும் தானே உருவாக்க வேண்டும் என்று திட்டமிட்டதற்கு, பிழை கணக்கில் மட்டுமன்றி அச்சுக்கோப்பிலும் நுழைகிறது என்ற அனுபவமே காரணம்.

அச்சுக்கோப்பவருக்கு, அதாவது அச்சகத்தார் கம்பாசிட்டர் என்று அழைத்தவருக்கு, உலோக எழுத்தின் ஓர் இயல்பு பேருதவியாக இருந்தது. எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறினாலும், பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான பத்து இலக்கங்களும் ஒரே அகலமுள்ள உலோகத் துண்டுகளில் வார்க்கப்பட்டன. அந்த அகலம் பொதுவாக எழுத்தின் உயரத்தில் பாதி. ஒடுங்கிய 1 கூட இருபுறமும் வெற்றிடம் விட்டு அதே அகலத் துண்டின் நடுவில் நின்றது. இலக்கம் இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள வெற்றுத் துண்டு ஒன்றைச் செருகினால் போதும்: 7.5க்கு முன் இரண்டு வெற்றுத் துண்டுகளும் 34.2க்கு முன் ஒன்றும் வைத்தால், 112.0க்குக் கீழே அவற்றின் புள்ளிகள் பிசகாமல் வந்து அமரும். அளவுகோல் எதுவும் இல்லாமல், எழுத்தே அளவுகோலாக நின்ற ஏற்பாடு இது. அச்சுத் தொழிலின் நுட்பங்களில் இவ்வளவு எளிமையும் பயனும் ஒருங்கே அமைந்தது வேறொன்று உண்டா என்பது ஐயமே.

இலக்கங்களின் வடிவம் பற்றியும் நெடுங்காலம் வாதம் நடந்தது. எல்லா இலக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் பரவியது. அதற்கு முந்தைய வடிவத்தில் 6, 8 ஆகியவை கோட்டுக்கு மேலே தலை நீட்டவும் 3, 4, 5, 7, 9 ஆகியவை கீழே வால் இறக்கவும் செய்தன. ஒரே உயரம் அட்டவணைக்குத் துப்புரவான தோற்றம் தரும் என்பது பலர் கருத்து. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் கணித அட்டவணைப் பதிப்பாளர்களுள் முதன்மையானவரான எல். ஜே. காம்ரி, தலையும் வாலும் உள்ள இலக்கங்களே ஒன்றோடொன்று குழம்பாமல் விரைவாகப் படிக்க உதவும் என்று வாதிட்டார். பக்கம் பக்கமாக எண்களைப் பார்த்துக் களைக்கும் கண்ணுக்கு அவர் கூற்றே பொருந்தும். இரண்டு மூன்று நிரைகளே உள்ள சிறிய அட்டவணைக்கு எந்த வடிவமும் தீங்கு செய்யாது.

விண்மீன் பட்டியலில் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனெனில் அங்கே கணக்குப் பத்தின் அடுக்கில் மட்டும் செல்வதில்லை. வானத்தில் கிழக்கு மேற்கான இடம் மணி, நிமிடம், நொடி என்றும், வடக்கு தெற்கான இடம் பாகை, கலை, விகலை என்றும் அறுபதின் அடுக்கில் குறிக்கப்படுகிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று: அங்கே 23.45 என்று அச்சிட்டிருந்தால் அது 23 நாழிகை 45 விநாழிகை, அதாவது இருபத்துமூன்றே முக்கால் நாழிகை. அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாகக் கொண்டு கணக்கிட்டால் ஏழு நிமிடத்துக்கு மேல் பிசகும். ஐந்து விநாழிகையை 23.5 என்று எழுதாமல் 23.05 என்று சுழி சேர்த்தே எழுத வேண்டியதும் இதனால்தான். வானியல் அட்டவணையில் மணிக்கும் நிமிடத்துக்கும் நொடிக்கும் தனித்தனி உள்நிரல்கள் ஒதுக்கி, ஒற்றை இலக்கங்களுக்கு முன் சுழி சேர்த்து, நொடியின் பின்னத்தை மட்டும் தசமப் புள்ளியில் ஒன்றுசேர்ப்பது அதே தேவையிலிருந்து பிறந்த வழக்கம்.

அவற்றினும் நுட்பமானது குறியின் இடம். ஓரியன் மண்டலத்தின் இடைக்கச்சையாக வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களுள் மேற்கே உள்ள மின்டாகா, வான நடுவரையிலிருந்து தெற்கே ஒரு பாகை கூட இல்லாத தொலைவில், −0° 17′ 57″ என்ற இடத்தில் இருக்கிறது. கணக்கில் குறைச்சுழியும் சுழியும் ஒன்றே என்பதால், பாகை நிரலை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளும் கணினி அந்தக் கழித்தல் குறியை விழுங்கிவிடக்கூடும். அப்போது விண்மீன் நடுவரையைத் தாண்டி வடக்கே ஏறத்தாழ 36 கலை, அதாவது முழுநிலவின் அகலத்தைவிட அதிகமாக இடம் மாறிவிடும். வைனு பாப்புத் தொலைநோக்கி போன்ற கருவியின் குறுகிய பார்வைப் பரப்பில் அந்த விண்மீன் தென்படவே தென்படாது. வட துருவத்திலிருந்து உள்ள கோணத்தை மட்டும் கொடுத்து, குறியே தேவைப்படாதபடி செய்துகொண்ட 19ஆம் நூற்றாண்டுப் பட்டியல்கள் உண்டு. இன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் வழங்கும் பட்டியல்களில் குறிக்கென்றே ஓர் எழுத்திடம் தனியே ஒதுக்கப்பட்டு, எத்தனையாவது இடத்திலிருந்து எத்தனையாவது இடம் வரை என்ன இருக்கிறது என்ற விளக்கக் கோப்பும் உடன் வைக்கப்படுகிறது. அச்சுத் தாளில் கண்ணுக்காக ஏற்பட்ட நேர்வரிசை, கோப்பில் கணினிக்கான முகவரியாகவே ஆகிவிட்டது.

உலோக எழுத்து மறைந்தபின் அது இலவசமாகத் தந்த ஒழுங்கும் மறைந்தது. இன்றைய கணினி எழுத்துருக்கள் பலவற்றில் இலக்கங்கள் இரண்டு வகையாக உள்ளன: வாக்கியத்தில் அழகாகப் பொருந்தும்படி 1 ஒடுங்கியும் 0 அகன்றும் நிற்பவை ஒரு வகை, அட்டவணைக்கென ஒரே அகலத்தில் அமைந்தவை மற்றொரு வகை. முதல் வகையே தானாக வருமாறு அமைந்த எழுத்துருவில் அட்டவணையை அடித்தால், 111 என்பது 808ஐவிடக் குறுகி, வலப்பக்கம் ஒட்டினாலும் நூறாம் இடம் மேலும் கீழும் பிசகும். அச்சிடுமுன் 1111, 8888 என்று இரண்டு வரிகளை அடித்து நீளம் ஒக்கிறதா என்று பார்ப்பதே இதற்கு எளிய சோதனை. தமிழ் இலக்கங்களைக் கொண்டு நிரல் அமைக்க விரும்புவோருக்கு இடர் அதிகம்: ௫, ௮ போன்ற அகன்ற வடிவங்களும் ஒடுங்கியவையும் பெரும்பாலான எழுத்துருக்களில் தத்தம் அகலத்திலேயே நிற்கின்றன. இடமதிப்பு முறையில் எழுதத் தேவையான தமிழ்ச் சுழியே ஒருங்குறியில் 2005இல்தான் சேர்ந்தது. ஒரே அகலத் தமிழ் இலக்கங்களை வடிவமைப்பது எழுத்துருக் கலைஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பணி.

வானியலாளர்கள் தம் கட்டுரைகளை அமைக்கப் பெரிதும் பயன்படுத்தும் லேடெக் என்ற ஆவண அமைப்பு முறை, டொனால்ட் குனூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின்மேல் எழுந்தது. அதனோடு இணையும் சியூனிட்எக்ஸ் என்ற தொகுப்பு, ஒரு நிரலில் புள்ளிக்கு முன் எத்தனை இலக்கம், பின் எத்தனை இலக்கம் என்று ஒருமுறை சொன்னால், குறியையும் பிழை வரம்பையும் சேர்த்துத் தானே வரிசைப்படுத்துகிறது. அலுவலகங்களில் புழங்கும் வேர்டில் தசமப் புள்ளிக்கென்றே தனி டேப் உண்டு. எக்செல்லில் எண் வடிவத்தை 0.0?? என்று அமைத்தால், கேள்விக்குறியின் இடத்தில் இலக்கம் இல்லாதபோது வெற்றிடம் விடப்பட்டு, இல்லாத துல்லியத்தைக் காட்டாமலேயே புள்ளிகள் நேராகும். ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி எண்களை நகர்த்தும் பழக்கம், எழுத்துரு மாறிய மறுகணமே குலைந்துவிடும் என்பதால் அறவே கைவிடத்தக்கது. காற்புள்ளியிலும் கவனம் வேண்டும்: 1,00,000 என்ற நம் நாட்டு முறையும் 100,000 என்ற பிறநாட்டு முறையும் ஒரே நிரலில் கலந்தால், இலக்கங்கள் சமமாயிருந்தும் அடுக்கு நேராகாது.

எல்லா எண்களும் வரிசையில் நின்றபின் எஞ்சுவது எண்ணே இல்லாத கட்டம். ஆலங்காயத்தின் மழைமானியில் ஒரு நாள் மழை பெய்யவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் 0.0 என்று எழுத வேண்டும், ஏனெனில் அளந்து பார்த்துக் கிடைத்த விடை அது. அன்று யாரும் அளக்கவில்லை என்றால் ஒரு கோடு இட்டு, அதன் பொருளை அட்டவணையின் அடியில் சொல்ல வேண்டும். கட்டத்தை வெறுமனே விட்டால் இரண்டில் எது என்று பின்னால் வருபவர் அறிய வழியில்லை. மாதச் சராசரி எடுக்கும்போது முப்பதால் வகுப்பதா, இருபத்தொன்பதால் வகுப்பதா என்பது அந்தக் கட்டத்தைப் பொறுத்தே அமைகிறது.