பரம சாதுக் குழந்தை

"எங்கள் பேரன் பரம சாது! பாலைக் கொடுத்துத் தொட்டிலில் விட்டால் தூங்கிக்கொண்டே இருக்கிறான். அழுகை என்றால் என்னவென்றே தெரியாது!" என்று பாட்டிமார் பூரித்துப் போவதைக் கேட்டிருக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அது பூரிக்க வேண்டிய சங்கதிதான். ஆனால் எங்கோ ஒரு வீட்டில், அந்தச் சாதுத்தனத்துக்குக் காரணம் குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் இருப்பது.

இந்தச் சுரப்பி தரும் தைராக்ஸின் இல்லாவிட்டால் சிசுவின் மூளை சரியாக வளராது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிசுவிடம் சொந்தச் சரக்கு ஏது? தாயிடம்தான் கடன் வாங்கிக்கொள்கிறது. ஆகையால் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வரும் பெண், "பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்து ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிடுவது பெரிய விபரீதம். உண்மையில் அச்சமயம் மாத்திரையின் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். நாள் தள்ளிப் போனதுமே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

சில குழந்தைகளுக்குச் சுரப்பியே உண்டாவதில்லை. சிலருக்கு அது கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடிப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. தாயிடம் வாங்கிய கடன் கொஞ்சம் மிச்சம் இருப்பதால், பிறந்தவுடன் குழந்தை மொழுமொழுவென்று நன்றாகவே இருக்கும். விடாத காமாலை, கரகரத்த அழுகை, மலச்சிக்கல், உப்பிய தொப்புள், துருத்தும் நாக்கு எல்லாம் பின்னால்தான் வரும். அவற்றைக் கண்டு விழித்துக்கொள்வதற்குள் மூளைக்குச் சேதம் நேர்ந்துவிடும். ஒரு காலத்தில் அப்படித்தான் எத்தனையோ குழந்தைகள் மந்த புத்தியுடன் வளர்ந்தன.

இதற்கு வழி கண்டவர் கனடாவில் கியூபெக் மாகாணத்து டாக்டர் ழான் துஸ்ஸோ. வேறொரு நோயைக் கண்டுபிடிக்க, குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை மை ஒற்றும் தாள் போன்ற காகிதத்தில் ஒற்றி உலர்த்தும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தக் காய்ந்த பொட்டிலேயே தைராக்ஸினையும் அளக்கலாம் என்று அவர் 1973-ல் காட்டினார். மறு ஆண்டே கியூபெக்கில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சோதனை தொடங்கியது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு துண்டுக் காகிதம். வேறு என்ன வேண்டும்?

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மேல் சோதித்துப் பார்த்தது. ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருந்ததாம்! அப்படியும் கேட்டால்தான் சோதிக்கிற ஆஸ்பத்திரிகள் பல உண்டு. ஆகவே கேளுங்கள். பிறந்த முதல் நாளில் எடுக்கும் ரத்தம் வீண் பீதி கிளப்பலாம். மூன்றாம், நான்காம் நாள் உத்தமம். தொப்புள் கொடி ரத்தத்திலும் பார்ப்பதுண்டு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் இருக்கிறது. தாய்க்குச் சுரப்பி அதிகமாக வேலை செய்யும் கிரேவ்ஸ் நோய் என்றால், அவள் ரத்தத்திலுள்ள சில பொருள்கள் சிசுவின் சுரப்பியையும் முடுக்கிவிடலாம். எப்போதோ ஆபரேஷன் செய்துகொண்டு குணமானவளும் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

குறை தெரிந்தால் சிகிச்சை எளிது: தினம் ஒரு சிறு மாத்திரை. பிறந்து இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால், குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து ஸ்பூனில் புகட்டலாம். பாட்டில் பாலில் கலக்க வேண்டாம். குழந்தை பாதியில் தூங்கிப் போனால் மருந்தும் பாதி பாட்டிலோடு நின்றுவிடும். இரும்புச் சத்து, கால்சியம் மருந்துகளையும் அதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு மூன்று வயதில் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். சுரப்பி தானாகவே விழித்துக்கொண்டிருந்தால் அத்தோடு மருந்துக்கு விடுதலை. ஆனால் நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான், அடுத்த வீட்டு மாமி அல்ல!