வீட்டைச் சுமக்கும் அடிச்சட்டம்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய இல்லவூர்திகள் பல, ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-53 அடிச்சட்டத்தின்மீது எழுப்பப்பட்டவை. சரக்குந்து மரபில் வந்த அச்சட்டத்தை முன்னும் பின்னும் தகட்டுவிற்களே தாங்குகின்றன. அதன்மேல் ஏறத்தாழ 2.6 மீட்டர் அகலத்தில், செங்குத்தான சுவர்களோடு ஒரு வீடே அமர்கிறது. பக்கச்சுவரின் பரப்பு 30 சதுரமீட்டர் எனக் கொள்வோம். குறுக்குக்காற்று மணிக்கு 54 கிலோமீட்டர் விரைவில் மோதினால், அச்சுவர் ஏற்கும் விசை ஏறக்குறைய 400 கிலோகிராம் எடைக்கு நிகராகும். பழைய இல்லவூர்தியை வாங்கியவர் திசைமாற்றியோடு ஓயாது போராடுவதற்கு அவரது கைத்திறக் குறை காரணமன்று.

இத்தகைய ஊர்தியை வாங்கியவர் பலர் உடனே விலையுயர்ந்த துணைக்கருவிகளைத் தேடுகின்றனர். முதலில் நாடவேண்டியது எடைமேடையையே. பயணத்திற்குரிய நீர், எரிபொருள், உடைமை, ஆட்கள் அனைத்தோடும் ஒவ்வொரு சக்கரத்தின் சுமையையும் அளந்தறிய வேண்டும். அச்சிடைத் தொலைவு 6 மீட்டர் உள்ள ஊர்தியில், பின்னச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 300 லிட்டர் நீரை வைத்தால், நெம்புகோல் விதிப்படி முன்னச்சின் சுமை 100 கிலோகிராம் குறைந்துவிடும். முன்சக்கரங்களின் பிடிப்பும் அதற்கேற்பத் தளரும்.

அளந்த சுமைக்கேற்ற காற்றழுத்தத்தை டயர் உற்பத்தியாளரின் அட்டவணை காட்டும். டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட அழுத்தமோ பெருஞ்சுமைக்கு உரியது. சுமை குறைந்த அச்சிலும் அதையே நிரப்பினால் டயர் விறைத்து, சாலையின் ஒவ்வொரு வெடிப்பையும் இருக்கைவரை கடத்தும். டயரின் அகவையையும் பார்க்க வேண்டும்: 2315 எனும் நான்கிலக்கம் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தைக் குறிக்கும். தேயாத டயரும் முதுமையால் வெடிக்கக்கூடும்.

அடுத்தது சக்கரச் சீரமைப்பு. முன்சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், திரும்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீளும். தேவைப்படின், தகட்டுவில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத்தகடு செருகி இச்சாய்வைக் கூட்டலாம்.

உருண்டு சாய்வதைத் தடுக்கும் முறுக்குத்தண்டில் மறைந்துள்ள வாய்ப்பு எனக்குப் பெருவியப்பைத் தருவது. எஃப்-53 அடிச்சட்டங்கள் பலவற்றில் அத்தண்டின் கைகளில் இரண்டிரண்டு துளைகள் உண்டு. இணைப்பை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றினால் கையின் நீளம் குறையும். முறுக்கத்தை மட்டும் கணக்கிட்டால், விறைப்பு அந்நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். கை ஐந்தில் ஒரு பங்கு குறுகினாலே விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும். புதுப்பொருள் எதுவும் வேண்டியதில்லை. திருகுமறைகளைக் கழற்றி மாட்டும் உழைப்பு போதும். ஆயினும் ஒரு சக்கரம் ஏற்கும் குலுக்கல் மறுபக்கத்திற்கும் சற்று மிகுதியாகச் செல்லும். நெடும்பயணிக்கு அது ஏற்கத்தக்க விலை என்பதே என் துணிபு.

பின்னச்சு பக்கவாட்டில் நழுவினால், அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் குறுக்குத்தண்டு உதவும். மேடுபள்ளம் கடந்தபின்னும் ஊர்தி துள்ளிக்கொண்டே இருந்தால் அதிர்வேற்பிகளை மாற்றவேண்டும். அவை எடையைத் தாங்குபவையல்ல, அலைவின் ஆற்றலை வெப்பமாக்கித் தணிப்பவை.

வில்லைப் பெருக்கினாலும் காற்றுப்பை பொருத்தினாலும் அச்சுக்கு வரையறுக்கப்பட்ட எடை உயர்வதில்லை. எடைமேடை அவ்வரம்பை மீறிய எண்ணைக் காட்டினால், சுமையை இறக்கிய பின்னரே ஊர்தியைச் சாலையில் செலுத்துக.