குளிருக்கு அஞ்சாத செடி தேங்கும் நீருக்கு மடிகிறது

பிரிட்டனில் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும்தான் கோடை தொடங்குகிறது. அந்த நாட்களில் அங்கே சில வீட்டுத் தோட்டங்களில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். தோட்டக்காரர் மண்டியிட்டு, சில சமயம் குப்புறப் படுத்துக்கூட, கல் இடுக்கில் பூத்திருக்கும் இரண்டு அங்குலச் செடி ஒன்றைப் பார்த்துக் கொண்டிருப்பார். ஆல்ப்ஸ், பிரனீஸ், இமயம், ராக்கி ஆகிய மலைகளில், மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே உள்ள செடிகளைச் சமவெளியில் வளர்த்துப் பூக்க வைப்பவர்கள் இவர்கள். இச்செடிகளுக்கு 'ஆல்பைன்' செடிகள் என்று பொதுப் பெயர். இதற்காகவே 1929-ல் ஆல்பைன் தோட்டச் சங்கம் ஒன்றும், 1933-ல் ஸ்காட்லாந்தில் பாறைத் தோட்டக் கழகம் ஒன்றும் தொடங்கப்பட்டு இன்றும் நடந்து வருகின்றன.

மலை உச்சியில் உறைபனியைத் தாங்கும் செடி, அதைவிடக் குளிர் குறைந்த இங்கிலாந்துச் சமவெளியில் ஏன் சாக வேண்டும்? புதிதாக இத்தொழிலில் இறங்குபவர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் குளிரில் இல்லை, நீரில் இருக்கிறது. மலையில் குளிர்காலம் முழுவதும் பனி ஒரு போர்வை போலச் செடியின் மேல் கிடக்கும். அதன் அடியில் கடுங்குளிர் இறங்குவதில்லை. நீர் உறைந்து கிடப்பதால் செடிக்கு ஈரமும் இல்லை. செடி உறங்குகிறது. கோடையில் பனி உருகும்போது நீர் ஏராளமாக வரும். ஆனால் சரிவில் உதிர்ந்து கிடக்கும் கல் சில்லுகளுக்கு இடையே ஓடிப் போய்விடும், தேங்காது. இங்கிலாந்திலோ நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடாத தூறல், வெயில் இல்லை, பனிப் போர்வையும் இல்லை. பகலில் நனைந்து, இரவில் உறைந்து, மறுநாள் இளகி, தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி அழுகிவிடுகிறது. செடி வசந்த காலத்தில் செத்தது போலத் தோன்றும். உண்மையில் டிசம்பரிலேயே செத்திருக்கும்.

ஆகவே இந்த ஆர்வலர்கள் செய்யும் வேலை முழுவதும் வடிகால் வேலைதான். வளமண் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, கூரிய பொடி ஜல்லி ஒரு பங்கு என்பது சாதாரணக் கலவை. கஷ்டமான செடிகளுக்கு ஜல்லியின் அளவைப் பாதிக்கு மேலும் கூட்டுவார்கள். நட்ட பிறகு செடியின் கழுத்தைச் சுற்றி ஓர் அங்குலக் கனத்துக்கு ஜல்லியை மட்டும் பரப்புகிறார்கள். இலைகள் ஈர மண்ணைத் தொடாமல் காய்ந்த கல்லின் மேல் படுத்திருக்கும். அக்டோபரில் மிக மென்மையான செடிகளின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்வாக நிறுத்திவிடுவார்கள். நான்கு பக்கமும் காற்று போகும், மழை மட்டும் விழாது. உரம் மிகக் குறைவு. கொழுத்த செடி சீக்கிரம் அழுகும் என்பதை இவர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள்.

லூயிசியா என்ற வட அமெரிக்கச் செடி இதற்கு நல்ல உதாரணம். கலிபோர்னியாவின் வட பகுதியிலும் ஓரிகனிலும் பாறைகளில் வளரும் லூயிசியா காட்டிலெடன் மே, ஜூனில் பூக்கிறது. இதழ்களில் இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். தடித்த வேரிலும் சதைப்பற்றான இலைகளிலும் நீரைச் சேமித்துக் கொள்ளும் செடி இது. கிண்ணம் போல விரிந்த இலைக் கொத்தின் நடுவில் மழைநீர் நின்றால் போச்சு. அதனால் இதைத் தரையில் நடாமல், கற்சுவரின் இடுக்கில் பக்கவாட்டில் படுக்க வைத்து நடுகிறார்கள். விழும் நீர் வழிந்து போய்விடும். இதே இனத்தின் இன்னொரு வகையை மெரிவெதர் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி 1806-ல் மொன்டானாவில் சேகரித்து, காகிதத்தில் அழுத்திக் காய வைத்து எடுத்து வந்தார். பிலடெல்பியாவில் அந்தக் காய்ந்த வேரை நட்டபோது அது துளிர்த்தது. அதனால் அதற்கு 'மீண்டும் உயிர்த்தது' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார்கள். மாதக் கணக்கில் காய்ந்தும் சாகாத இனம், ஒரு மாத ஈரத்தில் செத்துவிடுகிறது!

ஜூன் மாதத்தின் பெரிய நிகழ்ச்சி என்றால் பிரனீஸ் மலையின் சாக்சிஃப்ராகா லாங்கிஃபோலியா பூப்பதுதான். சுண்ணாம்புப் பாறையின் செங்குத்து முகத்தில் வளர்வது. குறுகிய இலைகள் வட்ட வட்டமாக அடுக்கி, தட்டு போலத் தட்டையாக இருக்கும். உறிஞ்சிய நீரில் உள்ள சுண்ணாம்பை இலை ஓரத்துச் சிறு துளைகள் வழியே வெளியேற்றுவதால், ஓரம் முழுவதும் வெள்ளி ஜரிகை வைத்தது போல இருக்கும். ஐந்து, ஆறு ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும், தட்டு அகலமாகிக்கொண்டே போகும். வேறு ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கோடையில் நடுவிலிருந்து தண்டு கிளம்பி, ஒன்றரை இரண்டு அடி நீளத்துக்கு நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூக்களுடன் வளைந்து தொங்கும். அத்துடன் செடி முடிந்தது. வாழையைப் போலப் பக்கக் கன்றும் விடுவதில்லை. விதை ஒன்றே வழி.

அந்த விதையில்தான் சிக்கல் இருக்கிறது. மலையில் தன் இனத்தோடு மட்டும் இருந்த செடி, தோட்டத்தில் பல சாக்சிஃப்ராகா வகைகளுக்கு நடுவே பூக்கிறது. பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடுகின்றன. விதைத்தால் வருவது பாதிக்கு மேல் கலப்பு. விதைப் பயிருக்கு இடைவெளி விட்டுப் பழகிய நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுத்தமான விதை வேண்டுபவர்கள் பூக்கும் செடியைத் தனியே எடுத்து வைத்து, தூரிகையால் தாங்களே மகரந்தம் சேர்க்கிறார்கள். ஆறு ஆண்டு காத்திருந்து, மூன்று வாரம் பார்த்து, விதையும் கலப்பாகப் போனால் அந்த வயிற்றெரிச்சல் பெரிது. ஆனால் கலப்பால் நன்மையும் உண்டு. லாங்கிஃபோலியாவையும் கல்லோசா என்ற வகையையும் சேர்த்து உண்டாக்கிய 'டம்ப்ளிங் வாட்டர்ஸ்' என்ற ரகம் தாயைப் போலவே பெரிதாகப் பூத்துவிட்டு, பக்கக் கன்றுகளையும் விட்டுச் செல்கிறது. அதைக் கன்று பிரித்தே பெருக்குகிறார்கள். அதன் விதையை நம்பிப் பயனில்லை.

நீலத்துக்குப் பெயர் போன ஜென்ஷியானா அகாலிஸ் வேறு ரகமான தொல்லை. ஒரு தோட்டத்தில் பாய் விரித்தாற்போலப் பூக்கும். அடுத்த வீட்டில் இலை மட்டும். பூக்காவிட்டால் பெயர்த்து வேறு இடத்தில் நடு என்பதே பழைய கைகள் சொல்லும் வைத்தியம்.

இந்தப் பித்தை நாடு முழுவதும் பரப்பியவர் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபாரர் (1880-1920). பதினான்கு வயதிலேயே பாறைத் தோட்டம் அமைத்தவர். இலங்கைக்கு வந்து அந்த நாட்டைப் பற்றி 1908-ல் ஒரு நூலும் வெளியிட்டார். செடி தேடிப் போன பயணத்தில், பர்மாவின் வட மலைகளில் இறந்தார். எட்டாத பாறை முகத்தில் விதைப்பதற்காகத் துப்பாக்கியில் விதைகளை நிரப்பிச் சுட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து மோகத்தால் ஒரு கேடும் விளைந்தது. வட இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைத் தளங்களைப் பெயர்த்துத் தோட்டங்களுக்கு விற்றார்கள். 1981-ல் வந்த வனவிலங்கு, கிராமப்புறச் சட்டம் அப்பாறைகளுக்குப் பாதுகாப்பு அளிக்க வழி செய்தது.

கல்லுக்குப் பதிலாக இப்போது பலர் தொட்டியைத் தாங்களே வார்த்துக் கொள்கிறார்கள். சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, சதுப்பு நிலத்து மக்கான 'பீட்' இரண்டு பங்கு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டைப் பெட்டிகளை வைத்து, இடைவெளியில் இந்தக் கலவையை நிரப்பினால் பழைய கல் தொட்டி போலவே அமையும். அடியில் துளைகள் அவசியம். சதுப்பு நிலங்களை வெட்டுவதற்கு எதிர்ப்பு வலுத்துவிட்டதால், நாற்று மண்ணில் பீட்டுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் தென்னை நார்க்கழிவு கலக்கப்படுகிறது. நம் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் வீணாகக் குவிந்து கிடந்த பொருள்தான் இது.

தொட்டிச் செடிகளுக்கு முக்கியப் பகை ஒரு கூன்வண்டு. இதில் ஆண் வண்டே கிடையாது. பெண் வண்டு தானாகவே முட்டையிடும். இரவில் வந்து இலை ஓரத்தைக் கடிப்பது பெரிய நஷ்டமில்லை. மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புழு வேரைத் தின்று, ஒரு நாள் செடி கையோடு வந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் மண்ணில் சூடு இருக்கும்போதே, இப்புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றுகிறார்கள். பலன் நன்றாகவே இருக்கிறது.

சங்கங்கள் ஆண்டுதோறும் உறுப்பினர்களிடம் விதை வாங்கி, மற்ற உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவதை விட இது எவ்வளவோ மேல். விதை கிடைத்ததும் டிசம்பர், ஜனவரியிலேயே விதைத்து, மேலே மெல்லிய ஜல்லி பரப்பி, தொட்டியை வெளியே உறைபனியில் வைத்துவிட வேண்டும். பல மலைச் செடிகளின் விதைக்கு அந்தக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். மார்ச், ஏப்ரலில் முளைப்பு தெரியும். சில வகைகள் முதல் வசந்தத்தில் முளைக்கவே முளைக்காது. அந்தத் தொட்டியைக் கொட்டிவிடாமல், கோடையில் காயாமல் நிழலில் வைத்திருந்து, அடுத்த குளிரையும் காட்டிப் பார்க்க வேண்டும்.