கதைக்கு முன்னால் ஒரு வரி



ஒருவர் படைத்த கதாபாத்திரத்தை வைத்து, அதை விரும்பிப் படித்த இன்னொருவர் புதுக்கதை எழுதினால் அதற்கு ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்று பெயர். தமிழில் ரசிகர் கதை என்று சொல்லலாம். நம்ம வகுப்பு நோட்டுகளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்க, ஹாரி பாட்டரும் வந்தியத்தேவனும் அங்கே புதுப்புது சாகசம் செய்துகொண்டு இருப்பார்கள்! இது புது வழக்கமும் இல்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படி எழுதும் கதையில் கொலை, தற்கொலை, ஒரு பெண்ணைப் பலவந்தம் செய்வது போன்றவை வந்தால் முன்கூட்டியே சொல்லணுமா? “சொன்னா சுவாரசியம் போயிடுமே” என்று நிறைய பேர் கேட்கிறார்கள். என் பதில்: சொல்லணும். சுவாரசியமும் போகாது.

புதுமைப்பித்தன் 1943-இல் ‘சாப விமோசனம்’ என்ற சிறுகதை எழுதினார். அகலிகை கல்லிலிருந்து மீண்டும் பெண்ணாகி எழுந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் கதை. ராமாயணத்துக்கு எழுதிய ரசிகர் கதை என்றே சொல்லலாம்! கதையின் தலையிலேயே அவர் ஒரு சின்னக் குறிப்பு வைத்தார். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போகலாம், பிடிக்காமலும் போகலாம், அதற்காக நான் கவலைப்படவில்லை என்பது அதன் கருத்து. படிப்பதா வேண்டாமா என்பதை நம்மிடமே விட்டுவிட்டார். அதனால் கதையின் வேகம் குறைந்ததா? இத்தனை வருஷம் கழித்தும் படிக்கிறோமே!

வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் இது உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரியும் கட்டம் வரும்போது, பல ஊர்களில் துச்சாதனன் வேடக்காரர் உடனே சேலையில் கை வைப்பதில்லை. கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார். அடுத்து வரப்போவது கொடுமை, நான் செய்வது வேஷம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கதை என்னவோ நமக்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

சினிமாவில் இந்த வேலையைச் சான்றிதழ் செய்கிறது. முன்பு யு, யு/ஏ, ஏ என்று இருந்தது. 2024-இல் வந்த விதிகளின்படி யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நம்ம நோட்டுக் கதைக்கு சான்றிதழ் கொடுக்க யாரும் இல்லை. எழுதுகிறவர்தான் பொறுப்பு.

அதனால் மூன்று பேரின் சம்மதத்தை நினைவில் வைக்கணும் என்பேன்.

1. படிப்பவரின் சம்மதம்: கதைக்கு மேலே ஒரே ஒரு வரி போதும். “இதில் தற்கொலை பற்றி வருகிறது” என்று நேராக எழுதுங்கள். யார், எப்படி, முடிவு என்ன என்றெல்லாம் சொல்ல வேண்டாம். வீட்டில் அப்படி ஒரு சாவைப் பார்த்தவர் நம்ம பக்கத்து பெஞ்சிலேயே இருக்கலாம். அவர் நோட்டை மூடி வைத்தால் அது அவர் உரிமை, கோழைத்தனம் இல்லை. “தைரியம் இருந்தா படி” என்று எழுதுவது எச்சரிக்கையே இல்லை, அது தூண்டில்!

2. கதாபாத்திரத்தின் சம்மதம்: கதாநாயகி பத்து தடவை “வேண்டாம்” என்கிறாள். கதாநாயகன் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை பின்னாலேயே வருகிறான். பதினோராவது தடவை அவள் சிரித்துவிடுகிறாள், சுபம்! மேலே எச்சரிக்கை எழுதிவிட்டால் இது சரியாகிவிடுமா? ஆகாது. தப்பை எழுதலாம், ஆனால் அது தப்பு என்று கதைக்குத் தெரிந்திருக்கணும். புதுமைப்பித்தனின் அகலிகை ஏமாற்றப்பட்டவள். சாபம் தீர்ந்த பிறகும் எதிரே வரும் ஆண்களெல்லாம் அவள் கண்ணுக்கு இந்திரனாகவே தெரிகிறார்கள். அந்தப் பயத்தை அவர் மறைக்கவில்லை. பயந்து சொன்ன ‘சரி’, ஏமாந்து சொன்ன ‘சரி’, இரண்டும் சம்மதம் ஆகாது.

3. நிஜ மனிதரின் சம்மதம்: வந்தியத்தேவன் நம்மிடம் வந்து சண்டை போடமாட்டான். ஆனால் கூடப் படிக்கும் ஒரு பொண்ணு பேரை வைத்துக் காதல் கதை எழுதி நோட்டைச் சுற்றுக்கு விட்டால், அடுத்த நாள் அவள்தான் வகுப்புக்குள் தலைகுனிந்து நுழையணும். பேரை மாற்றி அடையாளத்தை விட்டு வைத்தாலும் அதே கதைதான். இதற்கு மேலே என்ன வரி எழுதினாலும் போதாது. எழுதாமல் இருப்பதுதான் சரி.

‘எழுத்துச் சுதந்திரம் என்ன ஆச்சு?’ என்று கேட்கலாம். எதை எழுதக்கூடாது என்று பட்டியல் போட நான் வரவில்லை. சோகம், கொடுமை எல்லாம் கதையில் வரட்டும். எழுத நமக்கு உரிமை இருப்பதுபோல, விலகிப்போக படிப்பவருக்கும் உரிமை இருக்கு. அந்த ஒரு வரி இரண்டையும் காப்பாற்றுகிறது.

ஏதாவது ஒரு கதை படித்து மனசு பாரமாகிவிட்டால், நம்பிக்கையான டீச்சரிடம் பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த கதையை நோட்டில் ஆரம்பிக்கும்போது முதல் வரியைக் கொஞ்சம் காலியாக விடுங்கள் நண்பர்களே! முடித்த பிறகு அங்கே என்ன எழுதணும் என்று உங்களுக்கே தெரியும்.



– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, பெரியபாளையம்