தெரியாது என்னும் சொல்

உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷங்களைக் கழித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ‘தெரியாது’ என்னும் சொல் அவர்கள் வாயில் லேசில் வராது. அந்த வியாதி நமக்கும் உண்டென்பதைச் சென்ற மாதம் ஒரு மாணவன் உணர்த்திவிட்டான்.

வகுப்பில் சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருந்தது. “கவுந்தியடிகள் சமணத் துறவி என்றீர்களே, ஸார்! சமணர்கள் என்ன சொல்லி வழிபடுவார்கள்?” என்று அவன் கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. “பரீட்சைக்கு வேண்டியதைக் கேள்” என்று அதட்டி உட்காரவைத்தோம். வகுப்பு சிரித்தது. பையனின் முகம் வாடிப்போயிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் நினைவு வந்தது.

1880-ஆம் வருஷத்தில் ஐயரவர்களுக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர்; திருவாவடுதுறைச் சைவ மடத்தின் நிழலில் வளர்ந்தவர். அவ்வருஷந்தான் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்திருந்தார். அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனவர், தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றில் மனம் செலுத்தவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரவர்கள் படித்ததில்லை.

வேறொருவராயின் கோபத்துடன் எழுந்து வந்திருப்பார். ஐயரவர்களோ ஏட்டைத் தேடினார். சமண காவியமாகிய அதன் பொருளை அறியக் கும்பகோணத்துச் சமணர்களிடமே சென்று சந்தேகம் கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று தொடர்ந்து, 1898-இல் மணிமேகலையும் வந்தது. அதற்காகப் பௌத்த மதக் கொள்கைகளையும் அவர் கற்றார். இவ்வளவுக்கும் அவர் நெற்றியிலிருந்த திருநீறு அழிந்துவிடவில்லை. ‘நம்முடையது’ என்று தமிழர் சொல்லிக்கொள்ளும் வட்டந்தான் விரிந்தது. அன்று தம் அறியாமை வெளிப்பட்டதை அவர் தம் சரித்திரத்தில் மறைக்கவுமில்லை.

மறுநாள் வகுப்பில், “நீ கேட்டது எனக்குத் தெரியாது, தம்பி. தெரிந்துகொள்வோம், வா” என்றோம். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணக் குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டு வாசலைப் பத்து வருஷமாகக் கடந்து சென்றிருக்கிறோம்; உள்ளே நுழைந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பையனுடன் நுழைந்தோம். வீட்டுப் பெரியவர் பாய் விரித்து உட்காரவைத்து, அவர்களுடைய பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்லிப் பொருளும் விளக்கினார். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய ஐவருக்கும் வணக்கம் சொல்வது அது. நான்காவது வணக்கம், மற்றவர்க்கு ஆகமம் கற்பிக்கும் துறவியைக் குறிக்கிறதாம்.

‘உபாத்தியாயர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் மலர்ந்த முகத்துடன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். நமக்குத்தான் உடனே தலை நிமிரவில்லை.