மாவு அரைத்தவர் கணக்கு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில், பழைய சீவரத்திற்கு எதிர்க்கரையில் இருக்கும் திருமுக்கூடலுக்கு மாட்டுப் பொங்கலன்று போகிறவர்கள், காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எழுந்தருளி, சீவரத்து மலைமீது ஏறி இறங்கி, அவ்வூர் நரசிம்மரோடு ஆற்றைக் கடந்து வந்து, சுற்றுவட்டாரத்துப் பெருமாள்கள் சூழ அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் சேவை சாதிக்கும் வைபவத்தைக் கண்டு திரும்புவார்கள். உற்சவத்தின் சந்தடியில் பலர் கவனியாமற் போவது, அந்தக் கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் வீரராசேந்திர சோழனின் நீண்ட சாசனம். 1063 முதல் 1070 வரை ஆண்ட அம்மன்னன் காலத்தில், இக்கோயிலைச் சார்ந்து ஒரு வேத பாடசாலையும், மாணவர்கள் தங்கி உண்ண ஒரு விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஓர் ஆதுரசாலையும் நடந்துவந்தன என்பதும், அவற்றுக்கு வேண்டிய நெல்லும் காசும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதும் அதில் விவரமாகக் காணப்படுகின்றன.

ஆதுரசாலையில் 15 படுக்கைகள். நோயாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியரும் சல்லியக்கிரியை செய்பவரும் இருந்தார்கள் என்பதோடு சாசனம் நின்றுவிடவில்லை. மூலிகை கொணர்ந்து, விறகு சேர்த்து, மருந்து செய்வோர் இருவர், நோயாளரை அருகிருந்து பேணும் பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவரையும் எண்ணி, அவரவர்க்கு உரிய படியையும் குறித்து வைத்திருக்கிறது. சரித்திர ஆசிரியர்கள் இச்சாசனத்தை நம் நாட்டு வைத்திய சரித்திரத்தின் அரிய சான்றாகப் போற்றுவது நியாயமே. ஆயினும் அதைப் பற்றி நினைக்குந்தோறும் என் மனம் போய் நிற்பது அந்த விறகிலும் தண்ணீரிலும்தான். ஒரு நாழி அரிசி சோறாக வேண்டுமானால் இடையில் ஓர் ஆள் விறகு சுமக்க வேண்டும், ஓர் ஆள் நீர் இறைக்க வேண்டும், அவர்களும் உண்ண வேண்டும் என்பதை ஒரு ராஜாங்கம் ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

வீட்டுச் சமையலுக்கு இப்படி ஒரு கணக்கை யாரும் எழுதியதில்லை. இக்காலத்து இல்லங்களில் பாக்கெட் மாவும், டப்பாவில் அடைத்த புளிக்காய்ச்சலும், வெந்நீர் ஊற்றினால் நிமிஷத்தில் வெந்துவிடும் பதார்த்தங்களும் பெருகிவிட்டன என்று வருந்துகிறவர்கள் அநேகர்; அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த வாக்கியத்திலேயே, அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்துப் போட்டார்களே, இந்தக் காலத்தவருக்கு உடம்பு வணங்கவில்லையே என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் அவற்றிற்காக நாள்தோறும் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிஷங்கள். அத்தகைய வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிஷங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தை ஊதியமில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் கொடு என்று கேட்பதற்கு முன், கேட்கிறவர் தம்மிடம் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று பார்த்துக்கொள்வது தர்மம்.

முதலிலிருந்து செய்யும் சமையல் என்றால் என்ன என்பதற்குக் காஞ்சிபுரத்தைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் குடலை இட்லிக்கு, பச்சரிசியையும் உளுத்தம் பருப்பையும் ஊறவைத்து, ரவை பதத்தில் கரகரப்பாக அரைத்து, புளிக்கவிட்டு, மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்த்து, சுக்குப் பொடியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கலந்து, நெய் வார்த்து, மூங்கிலால் பின்னிய நீண்ட குடலையில் மந்தாரை இலையைச் சுற்றிலும் பரப்பி அதனுள் மாவை ஊற்றி, ஆவியில் ஏற்றுகிறார்கள். தட்டில் வார்க்கும் இட்லி பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். கையளவு கனமுள்ள இந்த இட்லியோ நடுப்பாகம் வரை வேகப் பல நாழிகை பிடிக்கும். அதற்குமுன் அவசரப்பட்டுக் குடலையை இறக்கினால் உள்ளே மாவு மாவாகவே இருக்கும். இலையின் மணமும் சுக்கின் காரமும் ஏறிய அந்த இட்லியைத் துண்டுகளாக நறுக்கிக் கையில் வாங்கும்போது, காலம் என்பதும் ஒரு சமையல் சாமான் என்று நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் ஜீரணத்துக்கு உகந்தவை என்று நம் வைத்தியம் சொல்லும் சரக்குகள். மடைப்பள்ளிக்கும் ஆதுரசாலைக்கும் அஞ்சறைப்பெட்டி ஒன்றுதான் போலும்.

சாதாரண இட்லி மாவிலும் காலத்தின் வேலை குறைவில்லை. உளுந்தை ஆட்டும்போது தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிடாமல் கையால் தெளித்துத் தெளித்து, மாவு பொங்கி வெண்மையாகி வரும்வரை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா என்று பார்த்து வழிப்பார்கள். பிறகு அரிசி மாவோடு சேர்த்து உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து மூடிவைத்தால், தானியத்தோடு இயல்பாகவே வந்திருக்கும் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் பெருகிப் புளிப்பையும் வாயுவையும் உண்டாக்கும். உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும். விடிந்தால் பாத்திரம் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. உடனடி இட்லிக் கலவையைத் தயாரிப்பவர்களுக்கு இந்த ஓர் இரவு கிடையாது. ஆகவே சோடா உப்பும் அமிலப் பொருளும் சேர்த்துச் சில நிமிஷங்களில் வாயுவை வரவழைக்கிறார்கள். இட்லி உப்புகிறது, பார்வைக்கு அழகாகவும் இருக்கிறது. புளித்த மாவின் சுவை மட்டும் அதில் வருவதில்லை, அந்தச் சுவையைச் செய்யும் உயிர்களுக்கு அங்கே வேலையே கொடுக்கப்படவில்லையாதலால்.

சௌகரியம் என்பது நம் அடுக்களைக்குள் நேற்று நுழைந்த விஷயமன்று. மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ என்ற நூலை வெளியிட்டபோதே, தாயாரிடமும் பாட்டியிடமும் பக்கத்தில் நின்று கற்க வாய்ப்பில்லாத பெண்கள் ஒரு தலைமுறையாக உருவாகிவிட்டார்கள். 1950-களில் கோயம்புத்தூரில் பிறந்த கிரைண்டர் ஆட்டுக்கல்லின் குழவியை மனிதக் கையிலிருந்து வாங்கி மோட்டாரிடம் கொடுத்தது. அடுத்த பத்தாண்டில் மிக்சி வந்தது. இரண்டாம் உலகப் போரின் அரிசித் தட்டுப்பாட்டில் பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் ரவையில் இட்லி செய்யத் தொடங்கி, பிற்பாடு அதையே உலர்ந்த கலவையாகப் பொட்டலத்தில் அடைத்தது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிய பின், குடிசை வீட்டிலும் குழவி தானாகச் சுழன்றது. அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன அபிப்பிராயம் சொன்னாலும், தோள்பட்டை வலிக்க மாவாட்டிய ஸ்திரீகளின் சாட்சியத்துக்கு முன் நான் வேறெதையும் வைக்கமாட்டேன்.

பட்டு நெசவு செய்யும் வீடுகளில் இந்த விஷயம் இன்னும் நெருக்கமாகப் புலப்படும். காஞ்சிபுரத்துப் புடவையின் பெருமையான கோர்வைக் கரையை நெய்வதற்குத் தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. மறுபக்கத்துக் கரையின் நாடாவை வாங்கிக் கொடுக்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்தத் துணையும், பட்டு இழைப்பதும், தார் சுற்றுவதும் பல வீடுகளில் மனைவியின் பொறுப்பு. புடவை விலைபோகும்போது அவருடைய கூலி கணவனின் கூலிக்குள் அடங்கிவிடுகிறது. தறியிலிருந்து எழுந்து, உளுந்து கழுவி, அரைத்து, கல்லைக் கழுவி, மறுபடி தறிக்குப் போகவேண்டிய ஒரு பெண், தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் மாவு வாங்கிவிட்டால் அதை அலட்சியம் என்று எந்த நியாயஸ்தர் தீர்ப்புச் சொல்வார்?

அந்தத் தெருமுனை மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெரிய ஆலைகளின் பெயர் தாங்கிய மாவு ஒருபுறம் இருக்க, நம் ஊர்களில் விற்பனையாகும் மாவில் கணிசமான பங்கு, வீட்டு வாசலிலோ முன்கட்டிலோ பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு ஒரு குடும்பம் அரைத்து விற்பது. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர் தவிர அதில் வேறெதுவும் சேரவேண்டிய அவசியமில்லை; நல்ல தண்ணீரும் சுத்தமான கையும் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். மிளகாயும் மல்லியும் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வருவதை நம் பாட்டிமார் குற்றமாக எண்ணவில்லை. மாவுக்கும் அந்த நியாயமே பொருந்தும். இன்னும் சொன்னால், வீட்டுக்குள் கூலியின்றி மறைந்து கிடந்த ஓர் உழைப்பு இங்கேதான் முதன்முதலாக ஒரு விலையைப் பெற்றிருக்கிறது.

ஆகையால் வெளியிலிருந்து வாங்குவதையெல்லாம் ஒரே கூடையில் போட்டுத் தூற்றுவது சரியாகாது. பிரேசில் நாட்டு ஸாவோ பாவ்லோ சர்வகலாசாலையில் கார்லோஸ் மொன்டேய்ரோவும் அவருடைய சகாக்களும் உணவுப் பொருள்களை, எந்த அளவுக்கு ஆலையில் உருமாற்றப்பட்டவை என்பதை வைத்து வகைப்படுத்தினார்கள். அந்தக் கண்கொண்டு பார்த்தால் அரைத்த மாவு ஒரு வகை. சாயமும் வாசனைச் சத்தும் சுவையூட்டியும் சேர்த்து, வீட்டு அடுப்பில் ஒருபோதும் செய்ய இயலாதபடி உருவாக்கப்பட்ட பண்டங்கள் முற்றிலும் வேறு வகை. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்களில் கெவின் ஹால் என்பவர் நடத்திய பரிசோதனையில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைப் பண்டங்களும், இரண்டு வாரம் எளிமையாகச் சமைத்த உணவும், சர்க்கரை, கொழுப்பு, உப்பு முதலியன சமமாக இருக்குமாறு பரிமாறப்பட்டன. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டபோது, ஆலைப் பண்டம் தின்ற நாட்களில் அவர்கள் தினந்தோறும் ஏறக்குறைய 500 கலோரி அதிகமாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடினார்கள். 1983-இல் நம் நாட்டுக்கு வந்த இரண்டு நிமிஷ நூடுல்ஸைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தைக்கு அன்றாட ஆகாரமாக வைக்கிற வழக்கம் என்னைக் கவலைக்குள்ளாக்குவது இந்தக் காரணத்தால்தான். மாவுப் பாக்கெட்டையும் நூடுல்ஸ் பாக்கெட்டையும் ஒன்றாகக் கருதிக் கண்டிக்கும்போது, கண்டிக்க வேண்டிய பண்டம் தப்பித்துக்கொள்கிறது.

வீட்டில் அரைத்துச் செய்யும் சமையல் நிலைக்க வேண்டும் என்பதே என் பேராவல். அது நிலைப்பதற்கு ஒரு வழி நம் கண்முன்னேயே இருக்கிறது. குடலை இட்லியை அரைப்பதும், கலப்பதும், ஏற்றுவதும், இறக்குவதும் மடைப்பள்ளியில் ஆண்கள். கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்கு இலை போட்டுச் சாம்பாரும் பாயசமும் இறக்குகிறவர்களிலும் ஆண்களே அதிகம். பெருமாளுக்கும் பந்திக்கும் சமைக்கத் தகுதியுள்ள கை, தன் வீட்டு அடுப்பண்டை மட்டும் போகக் கூசுவதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் ஆதாரமில்லை. சனிக்கிழமை மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவது, சாயங்காலம் பதம் பார்த்து வழிப்பது, எல்லாவற்றிலும் சிரமமானதும் யாரும் விரும்பாததுமான வேலையாகிய, குழவியைத் தூக்கித் துணுக்கு ஒட்டாமல் கழுவிக் கவிழ்த்து வைப்பது ஆகிய இவை முறைவைத்து ஆணிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் வருமானால், வாரத்துக்கு வேண்டிய மாவு வீட்டிலேயே தேறும். அப்படி முடியாத வாரத்தில் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கடைக்குப் போய் வாங்கிவருவதும் முறைவைத்தே நடக்கட்டும்.